ராணி ப்ரோனா சாகக் கூடாது என்கிறாள் உன் அக்கா

மட்டாஞ்சேரி
8-10-1983

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு, அத்திம்பேர் ராமபத்ரன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு சகலரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அது நிஜமில்லை என்பதால், அங்கே நீயும் குழந்தைகளும் க்ஷேமமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் நீ கல்பாத்தியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து உன் அக்கா திரிபுரசுந்தரிக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். எங்கேயும் இல்லாத ஒரு ராணிக்காக அவள் மாடிக்கு ரசம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது பம்பாய்க்குப் போகிறேன் என்கிறாள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஃபினோலாவை நீ பார்த்ததில்லை. அயர்லாந்து தேசத்தின் மேற்கே ஏதோ கடலோர கிராமம். தகப்பனார் படகு பழுது பார்ப்பவர். இவள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்திருக்கிறாள். ஒரு நாள் பாடம் நடத்திச் சலித்துப்போய், உலகத்திலேயே இல்லாத ஒரு தீவைக் கரும்பலகையில் வரைந்து, அதன் ஆறு, மலை, விளைச்சல் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெண்கள் அதை ஒழுங்காகப் படித்து அரசாங்கப் பரீட்சையில் எழுதிவிட்டார்கள். வேலை போயிற்று. போனால் என்ன என்று அந்தத் தீவையே கதையாக எழுதினாள். அங்கே யார் பொய் சொன்னாலும் கடல் ஒரு முழம் கரையேறி வந்துவிடுமாம். ப்ரோனா என்று ஒரு ராணி, ஜனங்களை உண்மை பேச வைத்துத் தீவைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பாளாம். இப்படியே ஐந்து புத்தகம். பல தேசத்துக் குழந்தைகள் ராணிக்குக் கடுதாசி போடுகிறார்கள். நம் பஜாரில் அப்படி ஒரு கடல் இருந்தால் காலையில் கடை திறப்பதற்குள் கோடவுன் எல்லாம் முழுகிப்போகும் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது புத்தகம் வந்தபோது ஒரு விமரிசகன், இவள் எழுதும் துறைமுகத்தில் துறைமுக வாசனையே இல்லை என்று எழுதிவிட்டானாம். அந்த ரோஷத்தில் கப்பல் துறைகளாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், இங்கே சுக்கு கோடவுன் வாசலில் நின்று நாலு தும்மல் தும்மிவிட்டு, இதுதான் இடம் என்று தங்கிவிட்டாள். போர்ட் ஆபீசிலிருந்து ரிட்டையராகிச் சும்மா இருக்கிறோமே, மாடியும் சும்மா கிடக்கிறதே என்று வாடகைக்கு விட்டது நான்தான். வெங்கிடாசலம், அவளுக்கு உட்கார்ந்து எழுதத் தெரியாது. நடந்துகொண்டே யோசிப்பாள். பலகை மச்சில் அவள் நடக்க நடக்க என் சாப்பாட்டுத் தட்டில் தூசி விழும். மச்சு போதாமல் போனால் படகுத்துறைக்குப் போய், வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் ஏறி, இறங்காமல் அதே போட்டில் திரும்பி வருவாள். சி.ஐ.டி. என்று நினைத்துப் படகுக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. அரிசிக்கடை சேட்டனிடம் போய், “நீங்கள் எப்படிப் பொய் பறயும்?” என்று கேட்டிருக்கிறாள். அவன், “மதாம்மே, அதுக்கு அடுத்த கடையில் போய்க் கேக்கணும்” என்று அனுப்பியிருக்கிறான். அடுத்த கடைக்காரன் என்னிடம் சண்டைக்கு வந்தான்.

இதெல்லாம் போகட்டும். தினம் மத்தியானம் உன் அக்கா அரிசியில் கல் பொறுக்கும்போது, இவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எழுதியதைப் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்வாள். நம் வீட்டில் யாருக்கு உடம்பு எப்படி என்று உன் அக்காவுக்குத் தெரியாது. ராணி ப்ரோனாவுக்கு முழங்கால் வலி என்பது தெரியும்!

போன மாதம் வந்தது வினை. லண்டன் புத்தகக் கம்பெனியிலிருந்து தந்தி. ராணிக்கு வயதாகிவிட்டது, ஆறாவது புத்தகத்தில் அவளைக் கொன்றுவிட்டு மகளைச் சிம்மாசனத்தில் ஏற்று என்று. ஃபினோலா இறங்கி வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

“சுந்தரி, எனிக்கு வேற வழி இல்லா. ராணி மரிக்கணும்.”

உன் அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். “எதுக்கு?”

“வயசாயில்லே? அறுபது.”

“எனக்கு ஐம்பத்தெட்டு. அறுபதானா சாகறதைத் தவிர ஒரு பொம்மனாட்டிக்கு வேற ஜோலியே கிடையாதா? சாவியைப் பொண்ணுகிட்டே குடுத்துட்டுப் படகேறிப் போகட்டுமே.”

“எவிடே போகும்?”

“எங்கேயாவது போகட்டும். தீவைக் காப்பாத்தினவளுக்குத் தீவுக்கு அந்தண்டை என்ன இருக்குன்னு பார்க்கணும்னு இருக்காதா? நீ அவளைக் கொன்னா மாடிக்கு ரசம் வராது.”

நான் காப்பி டம்ளரோடு இருவருக்கும் நடுவில் நின்றேன். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே ரசம் நின்றது. மேலே நடை அதிகமாயிற்று. எனக்கும் இருப்புக்கொள்ளாமல் கூடத்தில் நடக்க ஆரம்பித்தேன். “மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. நடுவிலே மச்சு மாத்திரம்தான் சும்மா இருக்கு” என்றாள் உன் அக்கா.

கடைசியில் ஃபினோலா தோற்றாள். ராணியைக் கொல்லாமல் படகேற்றி எழுதி லண்டனுக்குத் தெரிவித்தாள். பதில் தந்தி என்ன தெரியுமா? கிழவி மூட்டை கட்டுவதை யார் படிப்பார்கள், நீ கொல்லாவிட்டால் வேறொருத்தரை வைத்து எழுதி நாங்களே கொன்றுகொள்கிறோம் என்று. அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். அவளுக்கு வேறு மனுஷர் கிடையாது, வெங்கிடாசலம். அந்தத் தீவுதான் உண்டு. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “அழாதே. கடுதாசியிலே சண்டை போட்டா அவன் கேக்க மாட்டான். நேரே போ” என்றாள்.

ஃபினோலாவும் புறப்படத் தயாராகிவிட்டாள். பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து லண்டனுக்கு விமானம். அதுவரை எனக்கும் சம்மதம். ஆனால் நேற்றுக் காலை உன் அக்கா, “பம்பாய் வரைக்கும் நான் கொண்டு விடறேன்” என்கிறாள்.

“உனக்குப் பம்பாய் தெரியுமா?”

“அவளுக்கும் தெரியாது. ரெண்டு பேருமாத் தெரிஞ்சுக்கறோம்.”

“நான் என்ன பண்ணறது?”

“எப்பவும் என்ன பண்ணறேளோ அதையே பண்ணுங்கோ.”

எப்போதும் நான் என்ன பண்ணுகிறேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உன் அக்காவோ பாலக்காட்டுக்கு அப்பால் ரயிலில் போயறியாதவள். கல்யாணமான நாளாக அவள் எங்கே போக வேண்டும் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்த வயதில் ஒரு கதையைக் கேட்டு இப்படிக் கிளம்பலாமா? வியாழக்கிழமை வண்டி. நீ புதனுக்குள் வந்து, உடன்பிறந்தவன் என்ற உரிமையில் தடுத்து நிறுத்த வேண்டும். என் பேச்சு எடுபடவில்லை. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். குருவாயூரப்பன் உங்களுக்கெல்லாம் தீர்க்காயுசும், எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் தரட்டும்.

இப்படிக்கு,
ராமபத்ரன்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சுந்தரியைக் கூட்டிப்போகாதே என்று சொல்ல மாடிக்குப் போனேன். ஃபினோலா என்னைக் கண்டதும், “சாரே, ஒரு சம்சயம்” என்று பிடித்துக்கொண்டாள். ராணிக்கு ஒரு புருஷன் உண்டாம். ஐந்து புத்தகத்திலும் வருவான், சாப்பிடுவான், போவான். இப்போது ராணி படகில் ஏறிவிட்டாள், இவன் கரையில் நிற்கிறான். “ஞான் அவனை எந்து செய்யும்? கரையில் தன்னே விடட்டே?” என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, “அதெப்படி விடுவாய்? அவனும் ஏறட்டும்! பெட்டியை யார் தூக்குவது?” என்று சத்தம் போட்டுவிட்டேன். கீழே உன் அக்கா சிரிப்பது கேட்டது. டிக்கெட் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை உங்கள் ஊர் ஒலவக்கோடு ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது மூன்று பேருக்குத் தயிர்சாதமும் கடுகுமாங்காயும் கொண்டு வா. புத்தி ஒன்றும் கொண்டு வராதே.