அரைமுழத்தாரின் வெளிச்சம்

யாழ்ப்பாணத்துத் தண்ணீரை நம்பி மின்சாரம் எடுக்கப் புறப்பட்ட ஒரே மனிதர் எங்கள் அரைமுழத்தார்தான். மலையில்லை, அருவியில்லை என்று ஊரே கையை விரித்திருந்தபோது, "தண்ணி அரைமுழம் இறங்கினாக் காணும், பல்ப் எரியும்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் மூலை அறை அவருடையது. பகலில் கல்லூரியில் மின்னியல் படிப்பிப்பார். மாலையில் பழைய பீப்பாய்க்குள் சைக்கிள் அச்சைப் பூட்டி, அதில் தகடுகளை விசிறிபோல் பொருத்திச் சுழற்றுவார். சோதனைக்கு எங்கள் குளியல் தண்ணீர்தான். தலை நிறையச் சவர்க்காரத்தோடு நிற்பவனிடம், "தம்பி, கொஞ்சம் பொறும். உம்மடை தண்ணி இப்ப வேலை செய்யுது" என்பார்.

மாரி மழைக்குத் தொண்டைமானாற்றுப் பாலத்தடித் தடுப்பணையின் கதவுகளைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். ஒரு மாரியில் யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். அது சுழன்றது. பல்ப் சிவக்கக்கூட இல்லை.

"என்ன அண்ணை, சந்நிதி முருகன் கைவிட்டிட்டாரோ?" என்றேன்.

"தகட்டுக்கும் பீப்பாய்க்கும் இடையாலை பாதித் தண்ணி களவாப் போகுது. இறங்கிறதே அரைமுழம். அதிலை ஒரு சொட்டும் சும்மா போகக்கூடாது. அடுத்த மாரியும் எரியாட்டி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டிடுவன்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

அதன்பிறகு விடுதியில் றப்பர் செருப்புகள் காணாமல் போகத் தொடங்கின. பீப்பாயின் உட்புறத்தில் அவை அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருந்தன. நான் புதுச்செருப்பு வாங்கித் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

மறுமாரி. வெள்ளிக்கிழமை. கொட்டும் மழையில் கரண்ட் போய்விட்டது. ஆற்றங்கரைச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் பாலத்தடித் தேநீர்க்கடையில் ஒதுங்கி நின்றார்கள். கடைக் கூரையில் அரைமுழத்தாரின் பல்ப் தொங்கியது. கீழே தண்ணீருக்குள் அவர் யந்திரத்தை இறக்கினார்.

பல்ப் சிவந்தது. மஞ்சளானது. எரிந்தே விட்டது!

"ஐயோ, கரண்ட் இல்லாமல் எரியுது!" என்றார் கடதாசிச் சரையில் கச்சான் கடலை கொறித்தபடி நின்ற பெரியவர். "முருகா! அரோகரா!"

கடையே கும்பிட்டது.

"முருகன் இல்லை ஐயா, டர்பைன்!" என்று கீழேயிருந்து கத்தினார் அரைமுழத்தார். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கடை வாங்குப் பலகையில் ஏறி நின்று முழுத் தொண்டையில் கத்தினேன்:

"அரைமுழத்தாருக்கு..."

"அரோகரா!" என்றது கூட்டம், ஆரென்று கேளாமலே.

சொட்டச் சொட்ட மேலே வந்தவர் பல்ப்பை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் இடைவெளி கிடக்கு, தம்பி. ஒரு சோடி றப்பர் கிடைச்சால் வெளிச்சம் கூடும்."

என் புதுச்செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.