நரிப்பள்ளத்துக்கு ஒரு நட்சத்திரம்

கூடாரம் அடிக்கப் போகிறவர் வேறு, கூடாரம் அடிக்க இடம் தேடுகிறவர் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னவர் நம்மைப் போல மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரத்தையும் அடுப்பையும் வண்டியில் போட்டுக்கொண்டு கொரியாவின் கங்வொன் மலைப்பக்கம் போவார், கிடைத்த இடத்தில் அடிப்பார், பன்றிக்கறியைச் சுட்டுத் தின்பார், கொசுக்கடியோடு தூங்குவார், ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் மாட்டி வீடு வந்து சேர்வார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னவர் தனிப் பிறவி. அவரை இடந்தேடியார் என்று வைத்துக்கொள்வோம்.

இடந்தேடியாரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. புச்சொன் நகரத்துப் பியோ குன்சிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜர். ஆபீசில் பெரியவர் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டாலும் போவார், எதை வாங்கி வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார். இப்போது குடியிருக்கும் வீட்டை ஒரே மத்தியானத்தில் பார்த்து முடித்தவர். பெண் பார்த்தது ஒரே ஒரு காப்பிக் கடையில், அதுவும் காப்பி ஆறுவதற்குள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, காட்டுக்குள் இரண்டு ராத்திரி தரையில் படுக்க இடம் வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். உள்ளேயிருந்து வேறொருவர் எழுந்து வருவார்.

முதலில் செல்போனில் செயற்கைக்கோள் படம். மரத்தின் உச்சந்தலையைப் பார்த்தே இது பைன், இது வால்நட், இதன் அடியில் போனால் மண்டையில் காய் விழும் என்று சொல்லிவிடுவார். பின்னால் மலை இருக்க வேண்டும், முன்னால் தண்ணீர் ஓட வேண்டும். அவருடைய தாத்தாவைப் புதைக்க இடம் பார்த்துக் கொடுத்த ஜோசியர் இந்த இரண்டோடு திருப்தியடைந்துவிட்டார். செத்தவருக்கு அது போதும், பேரனுக்குப் போதாது. கழிப்பறை பக்கத்திலும் இருக்க வேண்டும், தூரத்திலும் இருக்க வேண்டும். அதாவது குழந்தைக்கு அவசரம் என்றால் ஓடிப் போகிற தூரம், ஆனால் கதவு சாத்துகிற சத்தம் கேட்காத தூரம். காலை வெயில் விழ வேண்டும், ஆனால் எழுந்த பிறகு விழ வேண்டும். பக்கத்து மனையில் ஆள் இருக்கலாம், ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து வந்து திரை கட்டிப் படம் பார்க்கிற கோஷ்டியாக இருக்கக் கூடாது. இளம் ஜோடியும் வேண்டாம், கிதார் வைத்திருப்பார்கள். தனி ஆளும் வேண்டாம், குறட்டை விடுவான். இப்படி ஓர் இடம் பூமியில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், உட்கார வைத்து விளக்குவார்.

ஒன்றாம் தேதி காலையில் முன்பதிவு திறக்கும். அன்றைக்குக் குன்சிக் கையில் ஒரு போன், மனைவி மிரான் கையில் ஒரு போன், தேகுவில் இருக்கும் மாமியார் கையில் ஒரு போன். மூன்று பேரும் விழுந்தடித்து ஓர் இடத்தைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகு இடந்தேடியார் அந்த இடத்தை உற்றுப் பார்ப்பார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒன்றும் வராது. இடம் ரத்தாகும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடியும் மாமியாருக்குப் போன் போகும்.

"ஏன் மாப்பிள்ளை, என் பொண்ணக் கட்டும்போது இதுல பாதி விசாரிச்சிருந்தீங்கன்னா இந்தக் கல்யாணமே நடந்திருக்காதே," என்றார் மாமியார் ஒருமுறை.

ஒருவழியாக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலாவது விடிவு உண்டா? அங்கேதான் ஆரம்பமே. மிரானும் மகள் தாவோனும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, இவர் காலி சோஜுச் சாராய பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குவார். பாட்டிலைத் தரையில் படுக்க வைப்பார். உருண்டால் சரிவு. உருண்டு போய்த் திரும்பி வந்தால் பள்ளம், மழை வந்தால் தண்ணீர் தேங்கும். தலை வைக்கும் பக்கம், கால் நீட்டும் பக்கம் எல்லாம் பாட்டில் உருளும்.

"தாவோன் அப்பா, கறி வேர்க்குது," என்பாள் மிரான், கண்ணாடியை இறக்கி.

"ரெண்டு நிமிஷம்."

"போன ரெண்டு நிமிஷத்துல பக்கத்து வண்டிக்காரங்க கூடாரம் அடிச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவப் போயிட்டாங்க."

"அவங்க இடம் சரிவு. ராத்திரி தெரியும்."

"சரிவுலதான் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

இத்தனையும் எதற்காக என்று கேட்டால், குன்சிக் தயங்காமல் சொல்வார்: மிரானுக்காக. அதில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மிரானுக்கு வேலை கால் சென்டரில். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, குளிர்பெட்டி குளிரவில்லை என்று நாடு முழுக்க இருக்கிறவர்கள் அவள் காதுக்குள் கத்துவார்கள். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றின பிறகும் சத்தம் கழலுவதில்லை. படுத்தால் காதுக்குள் மணியடிக்கும். அவள் தூங்கி வருஷக்கணக்காகிறது. டாக்டர், மாத்திரை, ஜின்செங் வேர்க் கஷாயம் எல்லாம் ஆகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் போன கோடையில் நரிப்பள்ளம் கிடைத்தது.

இஞ்ஜே ஊர்ப் பக்கத்தில், தார் ரோடு முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். கூ மன்சொப் என்ற பெரியவர், உருளைக்கிழங்கு போட்டுக் கட்டுப்படியாகாமல், நிலத்தின் ஓரத்தில் ஐந்தே ஐந்து மனை பிரித்துவிட்டிருந்தார். விளக்குக் கம்பம் இல்லை. கடை இல்லை. ஓர் ஓடை, ஒரு தவளைக் குட்டை, மனைகளுக்கு நடுவில் பெரிய வால்நட் மரம் ஒன்று. குன்சிக் பாட்டிலைக் கீழே வைத்தார். அது அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குப் படுத்த மிரான் மறுநாள் வெயில் உச்சிக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் ஓடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மணியடிக்கல," என்றாள்.

"என்னது?"

"காதுக்குள்ள. தவளதான் கத்திச்சு, வேற ஒண்ணும் இல்ல. தாவோன் அப்பா, எனக்கு நகை வேணாம், சுற்றுலா வேணாம். வருஷத்துக்கு ஒரு தரம் இங்க கூட்டிட்டு வந்துடுங்க. அது போதும்."

எந்தப் புருஷனிடமும் இதைவிட லேசான வரம் கேட்கப்பட்டதில்லை. முன்பதிவு பண்ணினால் ஆயிற்று, இல்லையா? ஆனால் இடந்தேடியாருக்கு நல்ல இடம் கிடைத்தால் வருவது சந்தோஷம் அல்ல, பயம். மற்றவன் வந்துவிடுவானே என்கிற பயம். படம் பார்க்கிற கோஷ்டி வந்துவிட்டால்? கிதார் ஜோடி வந்துவிட்டால்? அடுத்த ஒன்றாம் தேதி ஊரே திரண்டு வந்து ஐந்து மனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால்?

ஆகவே வீடு திரும்பியதும் குன்சிக், முன்பதிவுத் தளத்தில் நரிப்பள்ளத்துக்கு ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். கீழே நிதானமாக எழுதினார். ராத்திரி கும்மிருட்டு, ஒரு விளக்குகூட இல்லை. தவளைச் சத்தம் தாங்கவில்லை. மரநிழல் அதிகம், வெயிலே விழவில்லை. பிள்ளைகள் விளையாட ஒன்றும் கிடையாது. பாட்டு, கலகலப்பு எதுவும் இல்லாமல் இழவு வீடு போல இருக்கிறது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். ஒரு சொல் பொய்யில்லை. இடந்தேடியாருடைய மனச்சாட்சி மிகவும் சுத்தமானது, அதை அவர் அடிக்கடி உபயோகிப்பதில்லை. மிரானிடம் சொல்லவும் இல்லை. நிம்மதியாகப் படுத்தார்.

அடுத்த கோடை வந்தது. ஒன்றாம் தேதி இடம் உடனே கிடைத்தது, போட்டியே இல்லை. குன்சிக் தன் சாமர்த்தியத்தை எண்ணித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். மிரானுக்கு அந்த வருஷம் வேலையில் மோசமான வருஷம். வண்டியில் ஏறும்போதே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

தார் ரோடு முடிகிற இடம் வந்தது. ரோடு முடியவில்லை. பளபளவென்று உள்ளேவரை போயிற்று. நரிப்பள்ளத்து வாசலில் வண்ண விளக்கில் ஒரு வளைவு நின்றது. தவளைக் குட்டை இருந்த இடத்தில் பிள்ளைகள் குதிக்கிற பெரிய வலை மேடை. ஓடை ஓரத்தில் பாறை மாதிரியே செய்த ஒலிபெருக்கி, அதிலிருந்து கிழங்கட்டைகள் சுற்றுலா பஸ்ஸில் எழுந்து நின்று ஆடுவார்களே, அந்தப் பாட்டு. நடுவில் வெயில் கொளுத்தியது. வால்நட் மரத்தைக் காணவில்லை.

மன்சொப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க. காலைலருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பேரு பதிவாயிருந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், நம்மளப் பத்தி எழுதினவருதான்னு."

"எழுதினவரா?" என்றாள் மிரான்.

"ஆமா தாயி, சார்தான். வரிக்கு வரி செஞ்சிட்டேன். வெளக்கு இல்லன்னாரு, பன்னண்டு கம்பம் நட்டாச்சு. தவள கத்துதுன்னாரு, குட்டைய மூடியாச்சு. நெழலு சாஸ்தின்னாரு." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வால்நட்டு எம் பொஞ்சாதி கல்யாணமாகி வந்தப்ப வச்ச மரம். வெட்டினப்ப ரெண்டு நாளு எங்கூடப் பேசல. எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா ஒருத்தர் எழுதினா விட்டுடலாம். வந்தவங்க அஞ்சு பேரும் அதையேதான எழுதியிருந்தீங்க. நாலு எடம் பாத்தவங்க சொல்றீங்க, எங்களுக்கு என்ன தெரியும்?"

குன்சிக் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். இதுலயே நல்ல மனையா உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வேற ஒருத்தருக்கும் தரல. பாருங்க, வெளக்குக்கு நேர் கீழ. பாப்பாவுக்குக் குதிக்கற மேடை எதுத்தாப்புல. பாட்டுப் பெட்டியும் கைக்கெட்டற தூரத்துல."

வாழ்நாள் முழுக்க இடம் தேடின மனிதருக்கு வேறொருவர் நன்றியோடு இடம் தேடிக் கொடுத்தால் என்ன செய்வது? பாட்டிலை எடுத்து உருட்டிப் பார்க்கவா முடியும்? அவர் தலையை ஆட்டினார். பெரியவர் வாயெல்லாம் பல்லாக, பாட்டின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கப் போனார்.

மிரான் கத்தியிருந்தால் குன்சிக் பிழைத்திருப்பார். அவள் நிமிர்ந்து நின்று, வருஷமெல்லாம் ஊரார் கத்தலுக்குப் பதில் சொல்கிற அந்த வழுவழுப்பான குரலில், "வணக்கம், வாடிக்கையாளரே. தாங்கள் தெரிவித்த குறைகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டுவிட்டன. வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?" என்றாள்.

பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். படுத்தாளே தவிரத் தூங்கவில்லை, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. யாரைப் பார்க்க என்று கேட்டால், இருவரையும்தான்.

குன்சிக் பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். ஐயா, நான் எழுதினதெல்லாம் வேறு யாரும் வரக்கூடாது என்பதற்காக எழுதினது, உங்கள் இடம் சொர்க்கமாக இருந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பெரியவர் ஏணியில் ஏறி விளக்குக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

"எப்படிங்க சார், பிடிச்சிருக்கா?" என்றார் மேலேயிருந்து.

மனைவியும் குன்சிக்கின் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாயிருக்குங்க ஐயா," என்றார் குன்சிக்.

திரும்பி வரும்போது பக்கத்து மனைக்காரர் தோ சங்கில் என்பவர் குன்சிக்கின் கையைப் பிடித்து நிறுத்தினார். போன கோடையில் அதே மனையில் இருந்தவர், இப்போது வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அநியாயத்த? தங்கமான எடம். எவனோ ஒரு படுபாவி எதையோ எழுதித் தொலைச்சிருக்கான்."

"யாரா இருக்கும்?" என்றார் குன்சிக்.

"அதானே," என்றார் சங்கில்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வலை மேடையைப் பார்த்தார்கள். மூன்றாவது மனைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டு, இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான் என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் கூடாரத்தைக் கடையில்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை, இது என்னைப் பற்றியது அல்ல என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் தெரு முனையில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடை, நாலே மேஜை, நீங்கள் போனால் எப்போதும் இடம் கிடைக்கும், சூப்பு அமிர்தம். ஆபீசில் யாரோ அந்தக் கடை எப்படி என்று கேட்டபோது, "சுமார்தான், வெறும் சப்பு" என்று நீங்கள் சொன்னதாக ஞாபகம். தப்பில்லை, எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்தப் பேச்சு எப்படியோ கடைக்காரர் காதுக்கு எட்டி, அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர் உங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இன்றைக்கு ருசியை மாற்றியிருக்கிறேன், நீங்கள்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்று கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தால், தயவு செய்து மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள்.