தொண்ணூத்தெட்டு மாமா தேடிய மாப்பிள்ளை

உலகத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் அதைத் துப்பாக்கியில் கொண்டுபோய் முட்டவைக்கிற ஆள் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் எங்கே பிறந்தார்? ராஜபாளையத்தில். போதாக்குறைக்கு, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணுக்கு அப்பாவாக.

ஊரில் அவருக்குத் 'தொண்ணூத்தெட்டு' என்று பெயர். அதை வயது என்று நினைத்துக் காலில் விழுந்தவர்கள் உண்டு. வயதும் இல்லை, எடையும் இல்லை. அவர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற மவுசர் ரைஃபிளின் மாடல் அது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. டீக்கடையில், "வடையில என்ன இம்புட்டு எண்ணெய்?" என்று நீங்கள் சும்மா கேட்டால் போதும். "எண்ணெய்னு சொன்னியே, நம்ம துப்பாக்கி போல்ட்டுக்குப் போடுற எண்ணெய் இருக்கு பாரு..." என்று பக்கத்தில் நகர்ந்து உட்காருவார். துட்டி வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருக்கும் மகனின் தோளைத் தடவி, "உங்கப்பா ஜெர்மன் இரும்புலே. இப்ப அந்த மாதிரி எவன் செய்யுதான்?" என்பார். மகன் அழுவதா, ஆமாம் என்பதா என்று தெரியாமல் முழிப்பான்.

இத்தனைக்கும் மனிதருக்குத் தொழில் பேண்டேஜ் துணி வியாபாரம். அய்யனார் கோவில் பக்கம் இருக்கும் மாந்தோப்புக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய லைசென்ஸ். பன்றி இன்றைக்கும் வருகிறது. மாமா ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வீட்டில் தோட்டாவே கிடையாது.

"வந்துட்டுப் போகட்டும்பா. பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்த துப்பாக்கிய மறுபடியும் டூட்டிக்கு அனுப்பலாமா? பாவமில்ல?" என்பார்.

அவருடைய மகள் கோமதியும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பேங்கில் வேலை பார்த்தோம். பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பெண் கேட்டு வருவதாக நான் சொன்ன அன்றைக்குக் கோமதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கப்பா துப்பாக்கியப் பத்திப் பேசுவாரு. நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் தலைய ஆட்டாமத்தான் கெட்டாங்க."

கெட்ட கதைகளையும் சொன்னாள். ஒருத்தன் நடுவில் போனை எடுத்துப் பார்த்தானாம். ஆலங்குளத்து மாப்பிள்ளை ரைஃபிளைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம் மாமா, பேரீச்சம்பழத்துக்குப் போட்டா ரெண்டு கிலோ தேறும்" என்றானாம். அவன் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினானாம். இப்போது வரிசையில் நிற்பது தளவாய்புரத்து நைட்டி கம்பெனிக்காரர் மகன். அவனுக்கு எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற சுபாவம்.

"நீங்க கோட்டை விட்டீங்கன்னா அடுத்த வாரம் அவனுக்குப் பேசி முடிச்சிருவாக. அம்புட்டுத்தான்" என்றாள்.

வெறும் தலையாட்டலில் ஒரு நைட்டிக்காரனை ஜெயிக்க முடியுமா? நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் யூடியூபில் உட்கார்ந்தேன். மவுசர் பற்றி எவனெவனோ எந்தெந்த பாஷையிலோ பேசிய வீடியோ அத்தனையும் பார்த்தேன். சாப்பிடும்போதும் பார்த்தேன். "உனக்கு என்னலே கேடு வந்துச்சு?" என்று அம்மா பயந்தாள்.

அம்மாவையும் பால்கோவாவையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். வரவேற்பெல்லாம் தடபுடல். அம்மாவும் கோமதியின் அம்மாவும் பேச ஆரம்பிப்பதற்குள் மாமா உள்ளே போய், துணியில் சுற்றியதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே காலி என்று திறந்து காட்டினார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இது முதல்ல ஜெர்மன் பட்டாளத்துக்காகப் பொறந்த சாமான். சண்டை முடிஞ்ச பொறவு..."

"மிச்சமான துப்பாக்கியெல்லாம் வேட்டைத் துப்பாக்கி செய்யுறவங்க கைக்குப் போச்சு மாமா!" என்றேன் நான். "பழைய குழலையும் பட்டாளத்துக் கட்டையையும் கழட்டிட்டு, போல்ட்டு இருக்குற நடுப்பாகத்த மட்டும் வச்சுக்கிட்டாங்க. புதுக் குழல் போட்டு, நல்ல வால்நட் கட்டை போட்டு, வேட்டைக்காரங்களுக்கு வித்தாங்க!"

மாமா வாயை மூடினார். மறுபடி திறந்தார். "இந்தப் போல்ட்டுல முன்னால..."

"ரெண்டு பல்லு! பின்னால பாதுகாப்புக்கு மூணாவது பல்லு! தோட்டாவக் கவ்வுறதுக்குப் பக்கத்துல நீளமா ஒரு நகம்!"

"நம்ம ஊருல பட்டாளத்துத் தோட்டா அளவு..."

"பொதுமக்களுக்குக் குடுக்க மாட்டாங்க! அதனாலதான் நம்ம கவர்மென்ட் ஃபேக்டரியில பழைய என்ஃபீல்டு துப்பாக்கி அமைப்புலயே முன்னூத்திப் பதினஞ்சுன்னு வேற அளவுல செஞ்சாங்க!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். நூற்றுக்கு நூறு. கைதட்டுவார் என்று பார்த்தேன். மாமா ரைஃபிளை மெல்லத் துணியில் சுற்றத் தொடங்கினார். சமையலறை வாசலில் கோமதி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காபியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார் மாமா.

அம்மா பதறிப்போனாள். "ஏன் அண்ணாச்சி, பையன் எதுவும் தப்பாப் பேசிட்டானா? சோறு திங்கும்போதுகூட வீடியோ பாத்துப் படிச்சானே!"

"தப்பே இல்ல தாயி. தங்கமான பையன். எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கான்." குரல் இறங்கிவிட்டது. "எம்மகளக் கட்டிக் குடுத்துட்டா, பொறவு வருசக்கணக்கா இவங்கிட்ட நான் என்னத்தப் பேச?"

அடப்பாவி மனுஷா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டு ஓடிவிட்டது. பெற்ற மகளும் கேட்டுச் சலித்துவிட்டாள். இந்த மனிதர் தேடியது மாப்பிள்ளையையே இல்லை, ஒரு ஜோடிக் காதைத் தேடியிருக்கிறார். நான் அந்தக் காதை மூடிக்கொண்டு வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன்.

"மாமா, போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை கையில வாங்கிப் பாக்கட்டுமா?" என்றேன். கடைசி ஆசை மாதிரி.

தந்தார். வீடியோவில் பார்த்தபடி பக்கவாட்டுக் கொக்கியை இழுத்துப் போல்ட்டை உருவினேன். வழவழவென்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அதன் வாலைப் பிடித்து லேசாகத் திருகினேன்.

டக்!

உள்ளே என்னமோ துள்ளியது. பயந்துபோய்ப் போல்ட்டைத் திரும்பச் செருகினேன். போகவில்லை. புரட்டிச் செருகினேன். ம்ஹூம். ரெண்டு உலக யுத்தம் கெடுக்காத சாமானை நான் பால்கோவாக் கையால் கெடுத்துவிட்டேன்.

"மாமா... ஒடைஞ்சு போச்சா?"

மாமா என் முகத்தையே பார்த்தார்.

"வீடியோக்காரன் இதச் சொல்லலையா?"

"சொல்லலையே மாமா."

"ஸ்பிரிங் விட்டுருச்சுன்னா இது உள்ள போகாதுன்னு சொல்லல?"

"ஒண்ணும் சொல்லல மாமா. சத்தியமா எனக்குத் தெரியாது."

அந்த முகம் பூரித்ததே, அடேயப்பா! "ஏட்டி கோமதி! இவருக்கு இன்னொரு காபி கொண்டா! இவருக்கு ஒண்ணுமே தெரியல!" என்று கூவினார். மர பெஞ்சின் விளிம்பில் போல்ட்டின் வாலை மாட்டி, ஒரு இழு இழுத்து, ஒரு திருகு திருகி, ரைஃபிளுக்குள் செருகிக் காட்டினார். பிறகு ஜெர்மனியில் இருந்து மறுபடி ஆரம்பித்தார். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவள் விழித்தபோது தட்டு மாற்றுவதற்குத் தேதி குறித்தாகிவிட்டது.

கல்யாணம் ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடும்போது மாமாவுக்கு நான்தான் துணை. அந்தப் போல்ட்டை இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டிவிடுவேன். மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வாரம் தவறாமல் தப்பாகத்தான் திருகுகிறேன்.