தலைவருக்குக் குடை பிடித்தவர்

பூண்டுலோயா
ஞாயிற்றுக்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய செல்லசாமி சித்தப்பாவுக்கு,

லோஜினி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நாலு நாளாக மேகம் லயத்து வீடுகளை விட்டு நகரவில்லை, மற்றபடி குறையில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க மாரியம்மன் துணை. ஃபோனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் வட்டவளை வாசிகசாலைக்கு நம் தொழிற்சங்கத் தலைவரின் வாழ்க்கை வரலாறு ஒன்றே ஒன்றைத் தேர்ந்து அனுப்பச் சொன்னீர்கள். கிடைத்தவை ஏழு. முதல் புத்தகத்தில் தலைவர் ஏழையாகப் பிறக்கிறார், இரண்டாவதில் வசதியாக. மூன்றாவதில் அவர் பிறப்பதற்கே தொண்ணூறு பக்கம் ஆகிறது. வெளியே எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்கும்போது இப்படித் தொடர்ந்து வாசித்தால் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, சித்தப்பா. நேற்று மாலை கண்ணயர்ந்தபோது ஏழு தலைவர்களும் மேகத்துக்குள்ளிருந்து வரிசையாக இறங்கி வந்தார்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல. ஏழு பேருக்கும் பிளேன்டீ ஊற்றக் கோப்பை போதவில்லையே என்று நான் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் நம் வீட்டுச் சிக்கல் வேறு. ஸ்ட்ரைக் நேரத்தில் தலைவர் நம் தோட்டத்துக்கு வந்தபோது மழையில் அவருக்குக் குடை பிடித்தது அப்பாதான் என்பது ஊரறிந்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் நான் விரித்ததும், “பாப்பா, நான் எத்தனாம் பக்கம்?” என்கிறார். முதல் புத்தகத்தில் அன்று நல்ல வெயில். இரண்டாவதில் தலைவர் தம் குடையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு நனைகிறார். மூன்றாவதில் அவர் வந்து சேருமுன்பே தோட்டத்துத் துரை பயந்து எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிடுகிறார். நாலாவதில் குடை பிடிப்பவர் நம்மவர்களை வேலை வாங்கிய கண்டாக்கு. அப்பா கம்பளியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“கண்டாக்கையாவா? அந்த மனுசன் அன்னிக்குத் தேயிலை ஸ்டோருக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு இருந்தாரு!”

“அதுக்கு ஏங்க எங்கிட்ட கத்துறீங்க? எழுதுனவன்கிட்ட போயி கத்துங்க,” என்றார் அம்மா. “நாப்பது வருசமாச்சு, அந்தக் குடைய இன்னும் மடக்கலையே நீங்க!”

அன்று அப்பா ரொட்டியைத் தொடவில்லை. புத்தகத்தில் இல்லையென்றால் அப்படியொரு நாளே இருக்கவில்லை என்று ஆகிவிடுமோ எனப் பயப்படுகிறார், சித்தப்பா. ஐந்தாவதும் ஆறாவதும் நம் தோட்டத்தைத் தாண்டியே போய்விட்டன. ஏழாவது படுமோசம்; பக்கத்துக்குப் பத்துப் பிழை, தலைவர் இரண்டு ஊர்களில் பிறக்கிறார். ஆனால் 143ஆம் பக்கத்தில் ஒரு படம்: மழை, தலைவர், மேலே குடை, ஓரத்தில் அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. ஆளைக் காணோம், கை மட்டும். ஆகவே அதையே தேர்ந்தேன். யாராவது தரத்தைப் பற்றிக் கேட்டால் என்னைத் திட்டட்டும். நாளை தபாலில் சேர்க்கிறேன். படத்தைப் பார்க்க அப்பா இப்போதுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் இருவரின் ஆசியும் எப்போதும்போல் எனக்கு வேண்டும்.

லோஜினி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். “மணிக்கட்டுல கடியாரம் இருக்கு பாரு. எனக்கு ஏது கடியாரம்? அன்னிக்கு நான் காய்ச்சல்ல கெடந்தேன். செல்லசாமிதான் போனான். வந்து ஒண்ணுவிடாம சொன்னான். நான் அதையே சொல்லிச் சொல்லி...” என்று நிறுத்திவிட்டு, “நான் சொல்றப்ப எல்லாம் அவன் பக்கத்துலதான் இருந்தான், பாப்பா. ஒருதரம்கூட வாய் தொறக்கலையே,” என்றார். புத்தகம் தபாலில் வராது. நாளை முதல் பஸ்ஸில் அவரே கொண்டுவருகிறார். வாசிகசாலையில் எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தைத் தானே விரித்து, இது செல்லசாமியின் கை என்று காட்டவேண்டுமாம். உங்களை எனக்குத் தெரியும், சித்தப்பா. “அது என் கை இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.