புடவை தந்த சம்மதம்

மனித நாகரிகம் தன் உச்சியை எட்டியது சின்னக் காஞ்சிபுரத்தில். முழுசாக இருக்கும் பட்டுப் புடவையைத் துண்டு துண்டாக வெட்டி, அதே துண்டுகளை மறுபடி ஒன்றாகத் தைக்கும் 'நவீன ஒட்டுப்போர்வை இயக்கம்' அங்கேதான் தொடங்கப்பட்டது.

அண்மையில் ஓய்வு பெற்ற தாசில்தார் தேவராஜன், ஏசிக் காற்று வாங்கத்தான் முதல் கூட்டத்துக்குப் போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் லக்ஷணா பேசப் பேச, அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"துணிக்கும் ஃபீலிங்ஸ் இருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி அதுகிட்ட பர்மிஷன் கேக்கணும். கண்ணை மூடி, கை வச்சுப் பாருங்க. பதில் வரும்."

ஒரு பட்டா மாறுதலுக்கு ஊரையே அலையவிட்டவர் தேவராஜன். கேட்டதும் அனுமதி தரும் ஒரு நிர்வாகம் உலகத்தில் இருப்பது அவருக்குப் புதிய செய்தி.

முதல் போர்வைக்குப் 'பாரம்பரியம் மிக்க' புடவை தருபவரே ஆயுள் தலைவர் என்று தீர்மானம் நிறைவேறியது. உறுப்பினர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் பீரோ சாவி மனைவியின் இடுப்பில் இருந்தது. தேவராஜனின் மனைவி ரமாமணி மட்டும் ஊரில் இல்லை; சாவி வீட்டில் இருந்தது. தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு அழைக்க ஸ்ரீரங்கம் போயிருந்தாள். கல்யாணத்தன்று கட்டிய அரக்குக் கூறைப் புடவையையே அன்றும் கட்டப்போவதாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவராஜன் அந்தப் புடவையை மேஜையில் விரித்து, கண்மூடி, பயபக்தியுடன் விண்ணப்பித்தார். புடவை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

கரையோரம் பொசுங்கின ஓட்டை ஒன்று இருந்தது. லக்ஷணா துள்ளினாள். "வாவ்! இதுல ஒரு ஸ்டோரி இருக்கு, அங்கிள்!"

"என்ன ஸ்டோரி?"

"அது தெரியாது. ஆனா இருக்கு."

போர்வை வெளியீட்டு விழா நாளில் சித்திரை வெயில் கொளுத்தியது. சிறப்பு விருந்தினர் பாண்டியன் நெல் மண்டி அதிபர். பொன்னாடைக்குப் பதிலாக, பஞ்சு அடைத்த அந்தப் போர்வையை அவருக்குப் போர்த்தினார்கள்.

"கலைன்னா சும்மாவா? சூடா இருக்குதுபா," என்று பாண்டியன் வேர்வை சொட்டச் சொட்டப் பாராட்டினார். "எப்போ எடுப்பீங்க?"

அன்று காலைதான் ஊர் திரும்பி, முன்வரிசையில் ஆயுள் தலைவரின் மனைவியாகப் பெருமையோடு உட்கார்ந்திருந்த ரமாமணி எழுந்து மேடைக்கு வந்தாள். பாண்டியனின் தோளருகே போர்வையில் தெரிந்த பொசுங்கின ஓட்டையை விரலால் தடவினாள். தேவராஜன் பக்கம் திரும்பினாள்.

"அக்னியை வலம் வரச்சே பொறி விழுந்தது. பதறிப்போய் உங்க கையாலேயே அணைச்சேளே. ஞாபகம் இருக்கா?"

தேவராஜன் தொண்டையைச் செருமினார். "எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு, ரமா. புடவைகிட்ட சம்மதம் வாங்கிண்டுதான் வெட்டினேன்."

"ஓஹோ. இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேளா?" மைக் அவள் குரலைத் தெருக்கோடி வரை கொண்டுபோயிற்று. "அறுபதாம் கல்யாணத்துக்கும் அந்தப் போர்வைகிட்டயே சம்மதம் கேட்டுக்கோங்கோ."