கொழும்புக்கு மூன்று ஸ்வெட்டர்

ஒரு நாட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர் மறுபடி அந்த நாட்டு வாசலில் போய் நின்றால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அல்ல; தலை பாதி நரைத்து, மீதி கொட்டிய பிறகு. (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.)

என் மாமனார் இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், இளவட்டமாகக் கப்பலேறி வந்து, கீழ் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார். இலங்கையிலேயே கல்யாணமாகியிருந்த அவருடைய அக்கா மட்டும் வரவில்லை. அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருவதாக போனில் சொன்னார்கள்.

"முழுசா மங்குறதுக்குள்ள ஒருதரம் போயி நின்னுட்டு வந்துருவோம் மாப்ள" என்றார் மாமா.

"லீவு கெடைக்கட்டுங்க மாமா" என்று இழுத்தேன். எங்கள் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் எனக்கு ஆபீஸ் வேலை. லீவு தாராளமாக இருந்தது. இல்லாதது தைரியம்.

இப்படியே இரண்டு சீசன் ஓடியது. கடைசியில் என் மனைவி சாந்தியே எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டாள். இணையத்தில் பயண அனுமதியும் வாங்கிவிட்டாள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், திரும்பி வர டிக்கெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் விடுவேனா? ரேஷன் கார்டு, கரண்ட் பில், எங்கள் கல்யாண போட்டோ (அவர் என் மாமனார்தான் என்பதற்கு சாட்சி) எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தேன். பிறகு மாமாவைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் நிறுத்தி, நான் அதிகாரியாக உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

"எங்க பொறந்தீங்க?"

"ஹட்டன்."

"ஐயோ மாமா! கோத்தகிரின்னு சொல்லுங்க."

"பாஸ்போர்ட்டுல ஹட்டன்னு போட்டிருக்கே மாப்ள."

(போட்டுத்தான் இருந்தது.)

"சரிங்க, அங்க போயி தேத்தண்ணின்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. டீன்னு சொல்லுங்க. பழைய ஆளுன்னு கண்டுபுடிச்சுருவாங்க."

சமையலறையிலிருந்து சாந்தி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அந்த ஊரே தேத்தண்ணின்னுதானுங்க சொல்லுது. டீன்னு கேட்டாத்தான் சந்தேகப்படுவாங்க."

எங்கள் மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூர் என்றாலே குளிர் என்று நினைப்போம். ஹட்டனும் மலைதான், நம் குன்னூர் மாதிரியே குளிரும் என்பது வரை என் கணக்கு சரி. விமானம் இறங்குவது கடலோரத்தில் என்பதை மட்டும் மறந்துபோனேன். திருச்சி விமான நிலையத்தில் பை எடை கூடுதல் என்று சொன்னதும் மூன்று ஸ்வெட்டரையும், அதற்கு மேல் ஜெர்கினையும் உடம்பில் ஏற்றிக்கொண்டேன். குரங்குக் குல்லா பையில் அடங்கவில்லை. அதற்கும் தலை இருந்தது.

கொழும்பில் பாஸ்போர்ட் சோதனை வரிசை. மாமா முன்னால், நான் பின்னால். அவர் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, மாமா சிங்களத்திலேயே பதில் சொன்னார்! முடிந்தது கதை என்று நினைத்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஜெயிலில் மனு போட்டு மாமாவைப் பார்க்கக் குன்னூரிலிருந்து எப்படி வந்து போவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் யாரோ தோளைத் தொட்டார்கள்.

"சேர், கொஞ்சம் இங்கால வாங்க. காய்ச்சலா?" சுகாதாரப் பிரிவுப் பெண்.

குல்லாத் தலையை ஆட்டினேன். மேசைக்குக் கூட்டிப்போய் ஜெர்கினைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஸ்வெட்டர். அதையும் கழற்றினேன். அடியில் இன்னொரு ஸ்வெட்டர். மூன்றாவது வந்தபோது அவர் பக்கத்து மேசைப் பெண்ணையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்.

கவுண்டரைத் தாண்டிய மாமா அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். "காய்ச்சல் எல்லாம் இல்ல தங்கச்சி! அவரு ஊட்டிப் பக்கம்! பயந்துட்டாரு, கொஞ்சம் தேத்தண்ணி இருந்தா குடுங்க!"

கொடுத்தார்கள். குடித்தேன். கல்யாண போட்டோவை யாரும் கேட்கவில்லை.

ஹட்டனுக்கு வேன் ஏறிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "அந்த ஆபீசரு உங்ககிட்ட என்னதாங்க மாமா கேட்டாரு?"

"இங்க பொறந்துட்டு ஏன் இத்தன வருஷமா வரலன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாப்பிள்ளைக்கு பயம்னு சொன்னேன்."

இன்றும் நான் எதற்காவது தயங்கினால் போதும். மின்சார ஆபீசுக்கு ஒரு போன் போடத் தயங்கினாலும் என் மகள் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "மாப்பிள்ளைக்கு பயம்!"

அன்று வேன் போய் நின்றபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் மாமாவின் அக்கா நின்றிருந்தார். அதற்குள் கண் முழுதாகவே மங்கிவிட்டிருந்தது. தம்பியின் முகத்தைக் கையால்தான் பார்த்தார். அன்று சாயங்காலம் ஹட்டனில் நல்ல குளிர். என் ஸ்வெட்டர் ஒன்றை அந்த அக்காவுக்குப் போட்டுவிட்டேன்.