கண்ணாடிப் பெட்டிப் பொம்மையின் கழுத்து

“நிறுத்துடா! நிறுத்துன்னா நிக்கணும். இது திரும்பிகினே இருக்குதே!”

ஜெகநாதன் சத்தம் போட்டார். அவருடைய ஆரணிப் பட்டுக்கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் அரக்குச் சேலை கட்டி நின்ற பொம்மையின் தலை மெல்ல மெல்ல முதுகுப் பக்கம் போனது. முகூர்த்தப் புடவை எடுக்க தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்த அம்மாள், “அப்பறமா வர்றோங்க” என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வேலை பார்த்திபனுடையது. ஜெகநாதனின் அக்கா மகன், டிவி மெக்கானிக். மாமா மகள் காவ்யா அவனுக்குத்தான் என்று பேச்சு இருந்ததால், தலை முழு வட்டம் சுற்ற வேண்டும் என்று மாமா கேட்டதும் மறுக்க முடியவில்லை. கழுத்துக்குள் வைத்த சின்ன சர்வோ மோட்டார் பாதி வட்டத்தோடு நின்றுவிடும். உள்ளே பல்சக்கரத்தைத் தடுக்கும் முளையைச் செதுக்கி எறிந்தான். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று மோட்டாருக்குச் சொல்லும் பாகத்தைக் கழற்றி, இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். இனி நடுவில்தான் நிற்கிறோம் என்று மோட்டார் ஏமாந்து, நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

“ரெண்டு ரெசிஸ்டரும் சரிசமமா இல்ல மாமா. அதான் நிக்காம நகருது.”

அளந்து பார்த்து வேறு இரண்டை மாற்றினான். தலை நின்றது. தெருவைப் பார்க்க வைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது தலை கடைக்குள்ளே, புடவை மடிக்கும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போனான். வந்து பார்த்தால் அதே மேஜை, அதே சிரிப்பு. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கண்ணாடி முன்னால் கூட்டம் நின்றது. படியேற ஒருவரும் இல்லை.

“ஒரு பொம்ம தலைய நிறுத்தத் தெரியல. உனுக்கு என் பொண்ணு கேக்குதா?” என்றார் மாமா.

மூன்றாம் நாள் பார்த்திபன் மோட்டாரையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தலை அசையாதபடி கழுத்துக்குள் துணியைத் திணித்தான். சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

தலை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்திபன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். மோட்டார் இருந்தது. படியிலேயே உட்கார்ந்தான்.

புடவை மடிக்கும் அம்மணி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். “இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சி?”

“அக்கா, நாங்க போனப்ப உள்ள யாரு இருந்தாங்க?”

“நான் மட்டுந்தான். தெனமும் இந்த மடிக்கிற மேஜையிலதான துன்றேன்.”

“அந்தத் தலைய நீங்க தொட்டீங்களா? நெஜத்த சொல்லுங்க.”

அம்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மொதலாளி கோச்சிக்காதீங்க. நான்தான் திருப்பறேன். மூணு நாளா.”

ஜெகநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார். பார்த்திபனுக்கு உயிர் திரும்பி வந்தது.

“அடப்பாவமே! நானு பேஜாராகி, மோட்டாரயே கழட்டிட்டேன். ஏங்க்கா உங்க பக்கம் திருப்பினீங்க?”

“என் பக்கமா?” என்றாள் அம்மணி. “நான் ரோட்டுப் பக்கம் இல்ல திருப்பறேன்! சோத்துல கை வெச்சா போதும், மறுபடியும் என்னியே பாக்குது.”